அந்த ஆறு வரி முன்னுரை

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் நிற்கிற மூன்று மாடிக் கட்டடம் நான் கட்டியது. கடைக்கால் தோண்டும்போது ஊற்று கிளம்பி, பதினோரு நாள் மோட்டார் வைத்து இறைத்தேன். கொத்தனார் கும்பிடு போட்டுவிட்டு ஓடிவிட்டார். வேறு ஆளைத் தேடிப் பிடித்துக் கட்டி முடித்தேன். துருகம் சாலையில் இருக்கிற மைக் செட் கடை நான் வைத்தது. அடிவாரத்திலிருந்து மலைக்கு வாடகை ஜீப் ஓட்டப் போகிறேன் என்று சொன்னபோது சிரித்தவர்கள், பிறகு அதே ஜீப்பின் பின்கம்பியில் தொங்கிக்கொண்டு போனார்கள். மலை மேல் கரியாலூரில் தங்குவதற்கு நாலு அறை கட்டினேன். கல்லை மலையிலேயே உடைத்தேன், சிமெண்டைக் கீழேயிருந்து ஏற்றினேன். ஒரே மழையில் நாற்பது மூட்டையும் இறுகிப் பாறையாகிவிட்டது. மறுபடியும் நாற்பது மூட்டை ஏற்றினேன்.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். என் அப்பா அடுத்தவர் நிலத்தில் கரும்பு வெட்டியவர். எனக்கு ஒரு செங்கல்லை எடுத்துக் கொடுத்தவர் என்று யாரும் இல்லை.

இதையெல்லாம் ஊர் ஒத்துக்கொள்கிறது. ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதப் போன ஒன்பது மலைப் பெண்களுக்குக் கட்டுரையின் முன்னுரையை எழுதச் சொல்லிக் கொடுத்தவன் நான். அதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு முன்னுரை எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். மாட்டு வண்டியிலிருந்து வந்தது. பதினாறு வயதில் கூம்பு ஸ்பீக்கர் கட்டிய வண்டியில் உட்கார்ந்து, டூரிங் கொட்டகைக்கு ஊர் ஊராக விளம்பரம் பேசினேன். வண்டி ஒரு வீட்டைத் தாண்ட எவ்வளவு நேரம் ஆகும்? அதற்குள் உள்ளே குழம்பு கிண்டிக்கொண்டிருக்கிற பெண் கரண்டியை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாக வேண்டும். வரவில்லை என்றால் சாயங்காலம் கொட்டகை காலி. முதல் வாக்கியம் பிடிக்கவில்லை என்றால் மீதியை மாடுதான் கேட்கும். ஆறு வருடம் இந்த வேலை பார்த்தேன். முதல் வாக்கியத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது புத்தகத்தில் படித்தது இல்லை.

மூன்று மாடியில் மேல் மாடியை டுடோரியல் ஆக்கினேன். பள்ளிக்கூடத்தில் தேறாதவர்கள், பாதியில் நின்றவர்கள் வந்து படித்து, தனித்தேர்வு எழுதுகிற இடம். ஆசிரியர்களை நான் வரவழைத்தேன். தமிழுக்குத் திருக்கோவிலூரிலிருந்து ஒரு பெரியவர் சனி, ஞாயிறுகளில் பஸ் ஏறி வருவார். ஓய்வு பெற்ற புலவர். சட்டைப் பையில் ரெண்டு பேனா, ஒன்று சிவப்பு. என்னை "உரிமையாளரே" என்றுதான் கூப்பிடுவார். அந்தச் சொல்லில் கொஞ்சம் மரியாதையும் நிறைய தூரமும் இருக்கும்.

மாவட்டத்துக்குத் தலைநகரம் விழுப்புரமாக இருந்த காலம் அது. ஒரு வருடம் மலையிலிருந்து ஒன்பது பெண்கள் சேர்ந்தார்கள். எல்லோரும் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற மையங்களில் தற்காலிக வேலையில் இருந்தவர்கள். அவர்களுக்கு ஓர் உத்தரவு வந்திருந்தது. ஜூன் மாதம் முடிவதற்குள் பத்தாம் வகுப்பு தேறிய சான்றிதழைக் காட்டினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம்.

அவர்களில் ஒருத்தியைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன். அப்போது முப்பத்து நாலு வயது. கரியாலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மணி நேரம் நடந்தால் அவள் ஊர் வரும். எட்டு வருடமாக அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் சோறாக்கிப் போட்டு, பாட்டுச் சொல்லிக் கொடுத்தவள். புருஷன் கேரளாவில் மிளகுத் தோட்டத்துக்குப் போனவன், வருவதும் தெரியாது போவதும் தெரியாது. வீட்டில் ரெண்டு பிள்ளைகள். இந்த வேலை போனால் அந்த வீட்டில் வேறு எதுவும் இல்லை. ஏற்கனவே ரெண்டு தடவை தேறவில்லை. ரெண்டு தடவையும் தமிழ்க் கட்டுரைதான் கவிழ்த்தது.

எப்படிக் கவிழ்த்தது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். 'நூலகத்தின் பயன்கள்' என்று புலவர் தலைப்புக் கொடுத்திருந்தார். அவளுடைய தாளை அவர் கையில் எடுத்து வகுப்பு கேட்கப் படித்தார்.

"ஐயா வணக்கம். வீட்டில் எல்லோரும் சுகமா. உங்கள் பக்கம் மழை உண்டா. ஆடு மாடு நல்லபடியாக இருக்கிறதா. இங்கே நாங்கள் சுகம்." தாளைக் கீழே வைத்தார். "இது கட்டுரையா அம்மா, சம்பந்தி வீட்டுக்குப் போன கதையா?"

வகுப்பு சிரித்தது. மலைப் பெண்கள் ஒன்பது பேரும் சிரிக்கவில்லை. மற்ற எட்டுத் தாளிலும் இதே நலம் விசாரிப்புத்தான்.

அவள் எழுந்து நின்றாள். "எடுத்த ஒடனே விஷயத்தச் சொல்லக்கூடாதுங்க ஐயா."

"ஏன் கூடாது?"

"எங்க ஊர்ல வாசல்ல நின்னுக்கினு எடுத்த எடுப்புல விஷயத்தச் சொன்னா அது சாவுச் சேதிங்க. மத்தது எதுன்னாலும் ஒக்காந்து, தண்ணி குடிச்சி, சொகம் கேட்டு, மழை கேட்டு, அப்பறம்தாங்க சொல்லுவோம்."

"தேர்வுத் தாள் உங்கள் வாசல் இல்லை," என்றார் புலவர். எல்லாக் கட்டுரைக்கும் பொருந்துகிற பொது முன்னுரை என்று இருபது வரி எழுதிப் போட்டார். கடலும் வானும் கலந்த தமிழ். அந்தப் பெண்களுக்கு அதில் நாலாவது வரியைத் தாண்ட முடியவில்லை.

தேர்வுக்கு இருபது நாள் இருந்தது. நான் வகுப்பு வாசலில் நின்றுகொண்டு, "ஐயா, கொஞ்சம் சின்னதாக் குடுத்தா நல்லாருக்கும்," என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

அவர் சாக்பீஸை மேசையில் வைத்தார். "உரிமையாளரே, அஞ்சாம் வகுப்பு எனக்குப் பாடம் வகுக்க வேண்டாம். நீர் சுவரைப் பாரும், நான் தமிழைப் பார்க்கிறேன்."

"சுவரு நிக்குது ஐயா. இவங்கதான் விழுந்துக்கினு இருக்காங்க."

அவர் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். திருக்கோவிலூர் பஸ் ஏறியவர் அடுத்த சனிக்கிழமை வரவில்லை. நானும் போய்க் கூப்பிடவில்லை. வேறு ஆசிரியர்களைத் தேடினேன். பரீட்சை நேரத்தில் யார் வருவார்கள்? சாக்பீஸை நான் எடுத்தேன்.

அந்தப் பெண்கள் நலம் விசாரிக்காமல் எழுத மாட்டார்கள். புலவர் இழுத்த இழுப்புக்கும் வர மாட்டார்கள். ரெண்டு நாள் யோசித்தேன், ஜீப்பில் மலை ஏறி இறங்கிக்கொண்டே யோசித்தேன். கடைசியில் பலகையில் ஆறு வரி எழுதினேன். இன்றைக்கும் மனதில் அப்படியே இருக்கிறது:

"மலை ஏற வருகிறவர் முதலில் அடிவாரத்தில் நின்று மேலே பார்ப்பார். எவ்வளவு தூரம், எங்கே தண்ணீர், எங்கே நிழல் என்று அங்கே இருப்பவரைக் கேட்பார். நானும் இந்தத் தலைப்பின் அடிவாரத்தில் நிற்கிறேன். முதலில் இது என்ன என்று பார்ப்போம். பிறகு இதனால் நமக்கு என்ன என்று பார்ப்போம். என்னோடு ஏறி வாருங்கள்."

'இந்தத் தலைப்பின்' என்ற இடத்தில் நூலகம், சுற்றுச்சூழல், எது வந்தாலும் வைத்துக்கொள்ளலாம். விசாரிப்பும் இருக்கிறது, விஷயமும் வருகிறது. எந்தப் புலவர் இதைச் செய்திருப்பார்?

மைக் செட்டை மேல் மாடிக்கு ஏற்றினேன். ஒவ்வொருத்தியும் மைக்கைப் பிடித்து ஆறு வரியையும் பார்க்காமல் சொல்ல வேண்டும். தடுமாறினால் முதலிலிருந்து. கீழே டீக்கடைக்காரர் ஏணிப்படியில் பாதி ஏறி வந்து தலையை நீட்டினார்.

"இன்னா மொதலாளி, காலைல இருந்து மலை ஏற வாங்க வாங்கன்னு கூவிக்கினே இருக்கீங்க. ஜீப்பு எப்பதான் கெளம்பும்?"

"கெளம்பும்யா. ஜூன் மாசம் கெளம்பும்."

தேர்வு அன்று மையத்துக்கு வெளியே புளிய மரத்தடியில் நின்றேன். அவள்தான் முதலில் ஓடி வந்தாள். "அண்ணா, ஆறு வரியும் அப்படியே எழுதிட்டேண்ணா! ஒரு எழுத்துக் கூட மாறல."

மற்றவர்களும் வந்தார்கள். எல்லோருமே 'அப்படியே' என்றார்கள். அந்தச் சொல்லை ஒன்பது தடவை கேட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கடைக்குப் போனேன். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நூறு ஊரில் ஒரே விளம்பரத்தைப் பேசியவனுக்கு, ஒரே முன்னுரை ஒன்பது தாளில் இருப்பது தப்பு என்று எப்படித் தோன்றும்?

தேர்வு முடிவு வந்தது. ஒன்பது எண்களுக்கும் எதிரில் 'நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது' என்று இருந்தது. பிறகு கடிதம் வந்தது. ஒன்பது விடைத்தாளிலும் கட்டுரையின் தொடக்கம் ஒரே சொற்களில் இருப்பதால், வினாத்தாள் முன்பே வெளியானதா, தேர்வறையில் பிட் பார்த்து எழுதினார்களா என்று விசாரணை. விழுப்புரத்துக்கு வர வேண்டும். தமிழ் ஆசிரியரும் வர வேண்டும். விசாரணை நாளுக்கும் ஜூன் முடிவதற்கும் நடுவில் பதினோரு நாள்தான் இருந்தது.

அவள் அன்றைக்கு என் மைக் செட் கடைக்கே வந்துவிட்டாள். வாடிக்கையாளர் ரெண்டு பேர் நின்றிருந்தார்கள். சுகம் கேட்கவில்லை, மழை கேட்கவில்லை.

"நீ குடுத்த வரிதாண்ணா எங்களப் புடிச்சிக் குடுத்துடுச்சி."

'நீங்க' போய் 'நீ' வந்திருந்தது.

"நானா எழுதியிருந்தா பெயிலாவேன். அது எனக்குப் பழக்கம். திருடின்னு பேரு வாங்கல. இப்ப எங்க ஊர்ல இன்னா சொல்றாங்க தெரியுமா? டவுனுக்குப் போயி பிட்டு அடிக்கக் கத்துக்கினு வந்துச்சுன்னு சொல்றாங்க."

"நான் வந்து பேசறேம்மா. ஆபீசர் கிட்ட நானே சொல்றேன்."

"நீ இன்னா படிச்சிருக்கே, ஆபீசர் நீ சொல்றத நம்ப?"

வாடிக்கையாளர் ரெண்டு பேரும் ஆம்ப்ளிஃபையரைப் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கடையில் என்னை அப்படிக் கேட்டவர் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

இரவெல்லாம் இதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் நேராக ஒன்றை மட்டும் நினைத்தேன்: அந்த ஆபீசர் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன்? புதுத் தலைப்புக் கொடுத்து, கண் முன்னால் எழுதச் சொல்வேன். கொட்டகைக்காரர் என்னை வேலைக்கு எடுத்தபோது அதைத்தான் செய்தார். ஒரு சோடா பாட்டிலைக் கையில் கொடுத்து, "இதப் பத்திப் பேசுடா," என்றார்.

விசாரணை நாள் காலையில் ஒன்பது பேரையும் விழுப்புரம் பஸ்ஸில் ஏற்றினேன். யாரும் என்னோடு பேசவில்லை. துருகம் தாண்டியதும் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஆறு வரிய மறந்துடுங்க. அது செத்துப்போச்சி. இப்ப ஜன்னல்ல பாருங்க. இன்னா தெரியுது?"

கடைசியில் ஒருத்தி முனகினாள். "கரும்பு லாரி."

"அதுக்கு முன்னுரை சொல்லு."

"அடிவாரத்துல நின்னு..."

"அடிவாரம் வாணாம்! எடுத்த எடுப்புல சொல்லு. சாவுச் சேதி எப்பிடிச் சொல்லுவீங்க? வாசல்ல நின்னு, சுத்தி வளைக்காம. அப்பிடிச் சொல்லு."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. என் தங்கச்சி, அதாவது என்னை அண்ணா என்று கூப்பிட்டு, கடைக்கே வந்து சண்டை போட்ட அந்தப் பெரிய வாய்க்காரி, இருக்கையை விட்டு எழுந்துவிட்டாள். "வெளங்குமாண்ணா? நல்ல காரியத்துக்குப் போய்க்கினு இருக்கோம். இந்த வார்த்தையப் பேசறியே. வாய் கூசுது."

"கூசட்டும். உன் வேலை போறதவிட வாய் கூசறது பெருசா?"

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். மற்றவர்கள் ஒவ்வொருவராக முயன்றார்கள். உடைந்த பாலத்துக்கு ஒன்று, மூடிக் கிடந்த ரயில்வே கேட்டுக்கு ஒன்று, தலையில் புல்லுக்கட்டு வைத்துப் போன கிழவிக்கு ஒன்று. பாதிப் பேர் வாயிலிருந்து மறுபடியும் அடிவாரமே வந்தது. நான் கத்தினேன். கண்டக்டர் என்னை உட்காரச் சொல்லிக் கத்தினார். அவள் மட்டும் விழுப்புரம் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அலுவலகத்தில் ஒரு நீள மேசை. அதன் மேல் ஒன்பது விடைத்தாள்கள், எல்லாம் ஒரே பக்கத்தில் திறந்து கிடந்தன. விசாரணை அதிகாரி மெலிந்த மனிதர், குரல் உயர்த்தாதவர். புலவர் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்.

அதிகாரி முதலில் அவரைத்தான் கேட்டார். "இது நீங்க சொல்லிக் குடுத்ததா?"

"இல்லை. என் நடை இதுவல்ல. தேர்வுக்கு இருபது நாள் முன்பே நான் விலகிவிட்டேன்."

"அப்ப யாரு?"

"என் வரிங்க சார்," என்றேன்.

"நீங்க?"

"டுடோரியல் நடத்தறவன்."

"படிப்பு?"

"அஞ்சாவது."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. "அஞ்சாவது படிச்சவர் சொந்தமா ஒரு முன்னுரை எழுதினாரு, ஒன்பது பேரு அத ஒரு எழுத்து மாறாம மனப்பாடம் பண்ணாங்க. இத நான் மேல எழுதி அனுப்பணும்?"

நான் எழுந்து நின்று ஆறு வரியையும் சொன்னேன். மாட்டு வண்டிக் குரலில் சொன்னேன். பிறகு தலைப்பை மாற்றி மறுபடி சொன்னேன். அடுத்த அறையில் தட்டச்சு நின்றது.

அதிகாரி கையைக் காட்டி உட்காரச் சொன்னார். "சரி. இவங்களுக்கா எழுத வருமா வராதான்னு இப்பவே பாத்துடலாம். புதுத் தலைப்பு. முன்னுரை மட்டும். பதினஞ்சு நிமிஷம். அந்த ஆறு வரியில ஒரு வரி வந்தாலும் அந்தத் தாள் ரத்து." பலகையில் 'மரம் வளர்ப்போம்' என்று எழுதினார். "நீங்க ரெண்டு பேரும் வெளியில இருங்க."

நானும் புலவரும் வராந்தாவில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். ஜன்னல் வழியாக அவள் முதுகும் வலது கையும் தெரிந்தன. கை அசையவில்லை. சுவர்க் கடிகாரம் எனக்கு நேர் எதிரில் இருந்தது. நாலு நிமிடம் போனது. ஏழு போனது. மற்றவர்கள் எழுதினார்கள், அடித்தார்கள், எழுதினார்கள். அவள் பேனா மூடி கூடத் திறக்கவில்லை.

"உரிமையாளரே," என்றார் புலவர் மெதுவாக. "நானும் மனப்பாடம்தான் கொடுத்தேன். அவர்களால் என் இருபது வரியைப் படிக்க முடிந்திருந்தால், இன்று நீர் இருக்கிற இடத்தில் நான் இருந்திருப்பேன்."

ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது. கடைக்கால் ஊற்றிலும், இறுகிப்போன சிமெண்டிலும் எனக்குச் செய்வதற்கு ஒரு வேலை இருந்தது. அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பத்தாவது நிமிடத்தில் அவள் கை அசைந்தது. ஒரே மூச்சில் எழுதினாள். அடிக்கவில்லை. முடித்துத் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி தாள்களை ஒவ்வொன்றாகப் படித்தார். ஒரு தாளை ஓரமாக வைத்தார். பழக்க தோஷத்தில் அதன் கடைசி வரி 'என்னோடு ஏறி வாருங்கள்' என்று முடிந்திருந்தது. இன்னொரு தாள் வெறுமையாக இருந்தது. அந்தப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். என் தங்கச்சியின் தாள் வந்தபோது வாய்விட்டுப் படித்தார்.

"எங்கள் மையத்து வாசலில் இருந்த புங்கமரம் செத்துவிட்டது. பதினெட்டுப் பிள்ளைகள் வெயிலில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அந்த மரம் என்னென்ன வேலை செய்தது என்று அது போன பிறகுதான் யோசித்தேன். அதை எழுதுகிறேன்."

அதிகாரி தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்பது போல. "இது யாரு சொல்லிக் குடுத்தது?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. "நானே எழுதினதுங்க சார்."

சரியான பதில். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அந்தத் தாளும் ஓரத்துக்குப் போயிருக்கும். எனக்கு அது தெரியும். தெரிந்தும், அவள் ஒரு தடவை என் பக்கம் திரும்புவாளா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

அறிக்கையில் ஒரு தகுதி பெற்ற தமிழாசிரியர், 'இவர்கள் என்னிடம் படித்தவர்கள், எழுதும் திறன் உள்ளவர்கள்' என்று கையெழுத்துப் போட வேண்டும் என்றார் அதிகாரி. என் கையெழுத்து செல்லாது. புலவர் அவள் தாளை வாங்கி இன்னொரு முறை படித்தார். சட்டைப் பையிலிருந்து சிவப்பு இல்லாத பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்து இல்லாமல் ஏழு பேரும் தப்பியிருக்க மாட்டார்கள். அதை நான் மறைக்க மாட்டேன். அவர் இப்போது இல்லை, அவருக்குரியது அவருக்குத்தான்.

ஏழு பேருக்கு முடிவு வெளியானது, ஏழு பேரும் தேறியிருந்தார்கள். சான்றிதழ் கைக்கு வந்தபோது ஜூன் முடிய ரெண்டு நாள் இருந்தது. அதைக் காட்டுவதற்கு என் ஜீப்பிலேயே ஏழு பேரையும் அவர்களுடைய வேலை அலுவலகத்துக்குக் கொண்டுபோய் விட்டேன். மீதி ரெண்டு பேருக்கு வேலை போனது. வெறுந்தாள் கொடுத்தவள் இன்றைக்கும் என்னைக் கண்டால் சாலையின் அந்தப் பக்கம் போய்விடுகிறாள்.

என் தங்கச்சி பிறகு மேற்பார்வையாளர் வரைக்கும் உயர்ந்தாள். போன மாதம் ஓய்வு பெற்றாள். பாராட்டு விழாவுக்கு ஒரு மலர் போட்டார்கள். அதில் அவளே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறாள். நல்ல கட்டுரை, முதல் வரியே ஆளைப் பிடித்து நிறுத்துகிறது. ஆனால் அதில் இப்படி இருக்கிறது: 'எனக்குக் கட்டுரை எழுதக் கற்றுத் தந்தவர் திருக்கோவிலூர்ப் புலவர் ஐயா.' நான் எங்கே இருக்கிறேன் என்று தேடினேன். கடைசிப் பக்கத்தில் புரவலர் பட்டியலில், பந்தல்காரருக்கு அடுத்தபடியாக.

போன் போட்டேன். "இன்னாம்மா இது?"

"அண்ணா, கோச்சிக்காதீங்க. அஞ்சாவது படிச்சவரு சொல்லிக் குடுத்தாருன்னு எழுதினா, பழைய விசாரணைய யாராவது கிளறுவாங்க. சர்டிபிகேட்ட சந்தேகப்படுவாங்க. இத்தன வருஷமா அந்தப் பயத்துலயே இருந்துட்டேன். கை அப்பிடியே எழுதிடுச்சிண்ணா."

அவள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. திருடி என்ற பேரோடு விசாரணை முடிகிற வரைக்கும் இருந்தவள் அவள். ஆனால் தங்கச்சி, இப்போது நீ ஓய்வு பெற்றுவிட்டாய். உன் சான்றிதழை இனி எவனும் தொட முடியாது. பயம் முடிந்தது. எனக்கு எழுபத்தொன்பது வயது, காத்திருக்கிற வயது இல்லை.

மலரை இன்னொரு தடவை அச்சடிக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். அதைப் போடுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: புலவரின் வரி அப்படியே இருக்கட்டும். அதற்குக் கீழே இன்னொரு வரி சேர்க்க வேண்டும்: ஒன்பது பேரின் தேர்வு முடிவும் நின்றுபோகக் காரணமான முன்னுரையை எழுதியவரும், பஸ்ஸில் நின்று அதை மறக்கச் செய்து வேறு முன்னுரை எழுத வைத்தவரும், அஞ்சாம் வகுப்புப் படித்த மைக் செட் கடைக்காரர். குற்றத்தை விட்டுவிட்டு நல்லதை மட்டும் போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ரெண்டையும் என் பேரில் போடுங்கள். புரவலர் பட்டியலிலிருந்து என்னை எடுத்துவிடுங்கள்.